உச்ச வேகத்தில் மட்டும் சுழலும் விசிறி

டிசம்பர் பிறந்துவிட்டால் உதகை, மூணாறு, சிம்லா, மணாலி என்று குடும்பத்தோடு காரில் புறப்படுவோர் பலர். சமவெளியில் ஆண்டு முழுவதும் எவரும் தொடாத ஹீட்டர் குமிழ், மலையேறிய பின்னரே முதன்முறையாகச் சிவப்புப் பக்கம் திருப்பப்படுகிறது. அவ்வேளையில் சிலருக்கு விந்தையான குறை ஒன்று தென்படும். விசிறியை 1, 2, 3 ஆகிய எண்களில் வைத்தால் காற்று சிறிதும் வருவதில்லை; 4-இல் வைத்தால் புயல்போல் வீசுகிறது. நடுவில் எதுவும் இல்லை. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற கவலையுடன் விசிறியை ஓட்டுவதும், கண்ணாடி மங்கத் தொடங்கினால் மீண்டும் அலறவிடுவதுமாகப் பயணம் முடிகிறது.

ஊர் திரும்பியதும் பணிமனைக்குச் சென்றால், 'புளோயர் மோட்டார் போய்விட்டது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும்' என்று ஆயிரக்கணக்கில் மதிப்பீடு கிடைப்பதுண்டு. மோட்டார் உச்ச வேகத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது அது பழுதானது என்று கூறுவது பொருந்தாது. பெரும்பாலான நேர்வுகளில் குறை இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பாகத்தில்தான். ரெசிஸ்டர் எனப்படும் மின்தடையே அது. சிறு கார்கள் பலவற்றுக்கு அது சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும்.

ஒரே விசிறி, இரண்டு பணிகள்

ஹீட்டருக்கு ஒரு விசிறியும் ஏ.சி.க்கு வேறொரு விசிறியும் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் ஓடும் சாதாரணக் கார்களில் டேஷ்போர்டுக்குள் இருப்பது ஒரே விசிறிதான். இது வெளிக்காற்றையோ உள்காற்றையோ இழுத்து, முதலில் ஏ.சி.யின் குளிர்ந்த சுருளின் வழியாகவும், பின்னர் வேண்டிய அளவுக்கு ஹீட்டர் சுருளின் வழியாகவும் செலுத்துகிறது. ஹீட்டர் சுருளுக்குள் ஓடுவது எஞ்சினைச் சுற்றிவந்த சூடான கூலன்ட் நீர். எனவே வெப்பத்துக்கென்று தனியாக மின்சாரமோ எரிபொருளோ செலவாவதில்லை. எஞ்சின் வீணாக்கும் வெப்பமே உள்ளே வருகிறது.

இதனால், சென்னையிலும் நாக்பூரிலும் கோடையில் 'ஏ.சி. ஒரே வேகத்தில்தான் வருகிறது' என்று சொல்லப்படும் குறையும், சிம்லாவில் 'ஹீட்டர் ஒரே வேகத்தில்தான் வருகிறது' என்று சொல்லப்படும் குறையும் ஒன்றே. காற்று வந்தும் சூடாக இல்லையென்றால் அது வேறு கதை. கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், அடைபட்ட ஹீட்டர் சுருள் ஆகியவற்றை அதற்குப் பார்க்க வேண்டும். இங்கே நாம் காற்றின் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டர்

நாற்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு, சுவரில் பெரிய பெட்டியாகப் பொருத்தப்பட்டிருந்த மின்விசிறி ரெகுலேட்டர் நினைவிருக்கும். சிறிது நேரம் ஓடியபின் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே கம்பிச் சுருள்கள் இருந்தன. குமிழை 1-இல் வைத்தால் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்து விசிறிக்குச் செல்லும். ஒவ்வோர் எண் கூடும்போதும் ஒரு சுருள் குறையும். கடைசி எண்ணில் சுருளே குறுக்கிடாமல் மின்சாரம் நேராக விசிறியை அடையும். அந்தச் சுருள் அறுந்துவிட்ட வீடுகளில் விசிறி 5-இல் மட்டுமே ஓடும். வீட்டார் பல மாதம் அப்படியே சமாளிப்பார்கள்.

காரில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். நான்கு வேகம் உள்ள காரில் பொதுவாக மூன்று சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். முதல் வேகத்துக்கு மூன்றும், இரண்டாவதற்கு இரண்டும், மூன்றாவதற்கு ஒன்றும் குறுக்கே நிற்கும். நான்காவது வேகத்தில் மின்சாரம் சுருள்களைத் தவிர்த்து, பல கார்களில் ஒரு ரிலேயின் வழியாக, மோட்டாருக்கு நேரே செல்லும். சுருள்களோடு தொடராக ஒரு தெர்மல் ஃபியூஸும் வைக்கப்பட்டிருக்கும். வெப்பம் எல்லை மீறினால் அது தன்னை அறுத்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். அது அறுந்த நொடியில் 1, 2, 3 மூன்றும் சேர்ந்தே மறைகின்றன. 4 மட்டும் எஞ்சுகிறது. நம் குறையின் முழு விளக்கமும் இதுதான்.

இந்தச் சுருளில் எழும் வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 12 வோல்ட் மின்சுற்றில் முதல் வேகத்தில் மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்றும், மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட் மட்டுமே என்றும் கொள்வோம். மீதி 8 வோல்ட் மின்தடையில் இறங்குகிறது. எட்டை ஐந்தால் பெருக்கினால் 40 வாட். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறு சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகமான வெப்பம், நம் டேஷ்போர்டுக்குள் நாம் விசிறியை மெதுவாக ஓட்டும் நேரமெல்லாம் எழுந்துகொண்டிருக்கிறது. இதனை ஆற்றுவதற்காகவே வடிவமைப்பாளர்கள் மின்தடையை விசிறியின் காற்றுக் குழாய்க்குள்ளேயே நீட்டி வைக்கின்றனர். விசிறி வீசும் காற்றே அதனைக் குளிர்விக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரப்போகும் பலவும் தாமே விளங்கும்.

எந்த வேகம் இல்லை என்பதே துப்பு

கருவி எதையும் கையில் எடுக்கும் முன், குமிழை ஒவ்வோர் எண்ணிலும் சில நொடிகள் நிறுத்தி, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி நோயறிதல் இதிலேயே முடிந்துவிடும்.

1, 2, 3 இல்லாமல் 4 மட்டும் ஓடினால் தெர்மல் ஃபியூஸையோ, முதல் சுருளையோ, அவை செருகப்பட்டிருக்கும் கனெக்டரையோ சந்தேகிக்கலாம். 1 மட்டும் இல்லை, அல்லது 1-உம் 2-உம் மட்டும் இல்லை என்றாலும் கோவையின் பிற்பகுதியில் ஏதோ ஒரு சுருள் அறுந்திருக்கக்கூடும். ஆனால் 1 ஓடி, 2 மட்டும் ஓடவில்லை என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதல் வேகத்தில் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்தாக வேண்டும். அது ஓடுகிறது என்றால் சுருள்கள் அனைத்தும் நலமாகவே உள்ளன என்று பொருள். குறை, குமிழுக்குப் பின்னால் உள்ள சுவிட்சின் தொடுமுனையிலோ அங்கிருந்து வரும் கம்பியிலோதான் இருக்க வேண்டும். இந்நிலையில் மின்தடையை மாற்றினால் பணம்தான் வீண்.

1, 2, 3 ஓடி 4 மட்டும் இல்லையென்றால் நிலைமை தலைகீழ். மின்தடை நன்றாக இருக்கிறது. உச்ச வேகத்துக்கான ரிலேயையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். எந்த எண்ணிலும் ஓடவில்லையென்றால் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். ஃபியூஸ் நலமாக இருந்து, மோட்டாரின் உறையை இலேசாகத் தட்டியதும் அது ஓடத் தொடங்கினால், உள்ளே உள்ள கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றன.

வெப்பநிலையை எண்ணாகக் குறித்துவிட்டால் தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கி ஏ.சி. உள்ள கார்களில் இந்தச் சுருள்கள் கிடையாது. அவற்றின் இடத்தில் டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு மின்னணுத் தொகுதி இருக்கும். அது பழுதானால் விசிறி எப்போதும் உச்சத்தில் ஓடலாம். அறவே ஓடாமலும் போகலாம். சில வேளைகளில் சாவியை எடுத்த பின்னும் ஓடிக்கொண்டிருந்து இரவோடு இரவாக பேட்டரியைத் தீர்த்துவிடும். இத்தொகுதியின் விலை சாதாரண மின்தடையைவிடக் கூடுதல். ஆகவே காரில் எவ்வகை உள்ளது என்பதை உதிரிபாகக் கடைக்குச் செல்லும் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

வலப்புற ஓட்டுநர் இருக்கை கொண்ட நம் கார்கள் பலவற்றில் விசிறியும் மின்தடையும் இடப்பக்கம், முன் பயணியின் கால்மாட்டில், பொருள்கள் வைக்கும் பெட்டிக்குக் கீழேயோ பின்னாலோ இருக்கும். கைவிளக்கோடு குனிந்து பார்த்தால், காற்றுக் குழாயின் பக்கவாட்டில் இரண்டு திருகுகளால் பொருத்தப்பட்டு, நான்கைந்து கம்பிகள் வந்து சேரும் சிறு தகடு தெரியும். வேலை தொடங்கும் முன் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். சற்று முன்வரை விசிறி ஓடியிருந்தால் சுருள்கள் ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டும். அப்பகுதியில் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் தென்பட்டால் அவற்றைத் தொடலாகாது; அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை.

கனெக்டரைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் நிறத்தை. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ உருகிச் சுருங்கியிருந்தாலோ புதிய மின்தடையைப் பழைய கனெக்டரில் செருகுவது பயனற்றது. தளர்ந்த இணைப்பே ஒரு மின்தடைபோல் நடந்துகொண்டு தானும் சூடேறும். புதிய பாகத்தையும் கெடுக்கும். கம்பித் துண்டோடு கூடிய மாற்றுக் கனெக்டர்கள் கிடைக்கின்றன. மின்வேலை அறிந்தவர் அவற்றை முறையாகப் பற்றவைத்துத் தர இயலும். பல பணிமனைகள் நேரத்தை மிச்சப்படுத்த இந்தப் படியைத் தாண்டிவிடுகின்றன. சில வாரங்களில் அதே குறையோடு கார் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மின்தடையைக் கழற்றி வெளியே எடுத்தபின் மல்டிமீட்டரால் சோதிக்கலாம். ஓம் அளவில் வைத்து, சுருள்களின் முனைகளுக்கிடையே ஊசிகளை வைக்க வேண்டும். நல்ல சுருள் ஓர் ஓமுக்குக் கீழோ, இரண்டு மூன்று ஓம் வரையோ காட்டும். சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே அரை ஓம் வரை தடை இருக்கக்கூடும் என்பதால் துல்லியமான எண்ணை எதிர்பார்க்கத் தேவையில்லை. தொடர்பு இருக்கிறதா, அறவே அறுந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

ஒரு செய்தியை மெக்கானிக்குகளும் சிலவேளை மறந்துவிடுகின்றனர். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்கள் பலவற்றில் மோட்டாருக்கு நேர்மின்சாரம் முதலிலேயே வந்துவிடும். மின்தடையும் சுவிட்சும் பூமி இணைப்பின் பக்கம் அமைந்திருக்கும். சோதனை விளக்கு மோட்டாரின் இரு முனைகளிலும் எரிவதைக் கண்டு 'மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது' என்று முடிவு கட்டுவது இத்தகைய கார்களில் பெரும் பிழையாகும்.

ஏன் எரிந்தது?

மின்தடை வயதாகித் தானே ஓய்வதும் உண்டு. பத்து ஆண்டு ஓடிய காரில் ஒருமுறை மாற்ற நேர்ந்தால் வியப்பதற்கில்லை. ஆனால் புதிதாகப் போட்டது சில வாரங்களிலேயே எரிந்தால், பாகத்தைக் குறைகூறுவதை நிறுத்திவிட்டுச் சூழலைப் பார்க்க வேண்டும்.

முதலில் காற்று. மின்தடையைக் குளிர்விப்பது விசிறியின் காற்றுதான் என்று முன்பே பார்த்தோம். கேபின் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருந்தால் அக்காற்று குறைகிறது; வெப்பம் வெளியேற வழியில்லை. ஃபில்டர் அடைபட்டால் மோட்டார் கூடுதலாக உழைத்து அதிக மின்சாரம் இழுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இவ்வகை உருளை விசிறிகளில் உண்மை அதற்கு மாறானது. தள்ளுவதற்குக் காற்று இல்லாதபோது அவற்றின் சுமை குறையவே செய்யும். தீங்கு வருவது குளிர்ச்சி குறைவதால்.

அடுத்தது மோட்டார். அதன் தாங்கிகள் உலர்ந்து இறுகினாலோ விசிறிக்குள் சருகுகள் புகுந்து உராய்ந்தாலோ மோட்டார் உண்மையிலேயே கூடுதல் மின்சாரம் இழுக்கும். மின்தடையின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், சிறிதளவு இழுவையும் பெருங்கேடாகும். காரை மரத்தடியில் நிறுத்துவது நம் நாட்டில் தவிர்க்க முடியாதது. வேப்பிலையும் புளியஞ்சருகும், மலைப்பகுதிகளில் தேவதாரு ஊசியிலைகளும், கண்ணாடிக்குக் கீழுள்ள கம்பித்தடுப்பின் வழியே உள்ளே விழுகின்றன. கேபின் ஃபில்டரே இல்லாமல் விற்கப்பட்ட பழைய கார்களில் அவை நேரே விசிறிக்குச் சென்றுவிடும். எலிகள் கூடு கட்டுவதற்குக் கொண்டுவரும் பஞ்சும் தாளும் இன்னொரு தொல்லை. மோட்டாரைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றினால் அது தடையின்றிச் சில சுற்றுகள் ஓடி நிற்க வேண்டும். உடனே நின்றாலோ கரகரவென்று ஒலித்தாலோ மோட்டாரையும் கவனித்தாக வேண்டும். மின்தடையை மட்டும் மாற்றுவது போதாது.

மூன்றாவது மழைநீர். அதே கம்பித்தடுப்பின் கீழுள்ள வடிகால் துளைகள் சருகால் அடைபட்டால், மழைக்காலத்தில் நீர் தேங்கிக் காற்றுக் குழாய்க்குள் வழியக்கூடும். கழற்றிய மின்தடையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு படிந்திருந்தால் இதுவே காரணம். வடிகாலைச் சுத்தம் செய்யக் காசு எதுவும் ஆகாது.

கம்பித் துண்டால் இணைப்பது

புதிய பாகம் கைவசம் இல்லாதபோது, அறுந்த தெர்மல் ஃபியூஸின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, 'எல்லா வேகமும் வந்துவிட்டது, ஐம்பது ரூபாய் கொடுங்கள்' என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஃபியூஸ் எதற்காக அறுந்ததோ அந்த வெப்பம் அங்கேயே இருக்கிறது. இனி அதைத் தடுக்க எதுவும் இல்லை.

இதன் விளைவை பிரிட்டன் நேரில் கண்டது. அங்கே வாக்ஸால் நிறுவனத்தின் ஸஃபீரா பி என்னும் குடும்பக் கார்கள் பல, டேஷ்போர்டுப் பகுதியிலிருந்து தீப்பற்றி எரிந்தன. பாதிக்கப்பட்டவை தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாத வகைகளே, அதாவது இங்கு நாம் பேசிக்கொண்டிருக்கும் சுருள் மின்தடை உள்ளவை. விசிறி மின்தடையின் தெர்மல் ஃபியூஸை முறையற்ற வகையில் பழுதுபார்த்ததே காரணம் என்று நிறுவனம் கூறியது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் 2,30,000-க்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்திருத்தம் போதாமல் 2016-இல் மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. 2017-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு தன் அறிக்கையில் நிறுவனத்தின் தாமதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பழுதுபார்ப்பவரின் கம்பித் துண்டில் குற்றம் எவ்வளவு, அப்படிச் சூடேறும்படி வடிவமைத்ததில் எவ்வளவு என்ற வழக்குக்குள் நாம் நுழைய வேண்டியதில்லை. உலர்ந்த சருகு கிடக்கும் குழாய்க்குள் காவலற்ற 40 வாட் சுருளை வைப்பது எத்தகைய செயல் என்பதற்கு இந்தச் சான்று போதும்.

மலைப்பாதையில் நேர்ந்தால்

பயணத்தின் நடுவே குறை தோன்றினால் பதற வேண்டியதில்லை. உச்ச வேகம் சுருள்களைத் தவிர்த்துச் செல்வதால், எரிந்த வாடையோ புகையோ இல்லாதவரை அதனைப் பயன்படுத்தலாம். முன்கண்ணாடி மங்கும்போது காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்து, வெப்பக் குமிழைச் சூடான பக்கமும் ஏ.சி. பொத்தானை இயக்கத்திலும் வைக்க வேண்டும். குளிரில் ஏ.சி. எதற்கு என்று தோன்றலாம். ஏ.சி. சுருள் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கிறது. அந்த உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்குகிறது. கண்ணாடி ஓரிரு நிமிடங்களில் தெளிகிறது. உள்காற்றையே சுற்றவிட்டால் ஐந்து பேரின் மூச்சு ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். தெளிந்தபின் விசிறியை நிறுத்தி, மங்கும்போது மீண்டும் ஓட்டலாம்.

எரிந்த வாடை வந்தால் கதை வேறு. சில கார்களில் உச்ச வேகத்தின் மின்சாரமும் அதே கனெக்டரைக் கடந்தே செல்கிறது. விசிறியை உடனே அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, விசிறிக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். எது என்பது ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். பின்னர் கண்ணாடிகளைச் சற்றே இறக்கிவிட்டு, துணியால் துடைத்துக்கொண்டு, அடுத்த ஊர்வரை மெதுவாகச் செல்லலாம். மூடுபனியில் பார்வை போதவில்லையெனில் செல்லாமல் இருப்பதே முறை.

காப்பீடும் கடனும்

மின்தடை எரிந்ததற்கான செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோர இயலாது. நம் நாட்டின் விரிவான மோட்டார் பாலிசிகள் தேய்மானத்தையும் இயந்திர, மின் கோளாறுகளையும் விலக்கியே வைத்துள்ளன. தீ விபத்து பாலிசியின் பாதுகாப்புக்குள் வருவது. ஆனால் தீக்குப் பின்னர் வரும் சர்வேயர் மின்கம்பிகளைப் பார்ப்பார். ஒட்டுப்போட்ட கம்பியும் அகற்றப்பட்ட ஃபியூஸும் கேள்விகளை எழுப்பும், கோரிக்கை இழுபறியாகலாம். கடனில் வாங்கிய காராக இருந்தால், முழு இழப்புக்கான தொகை முதலில் கடன் நிலுவைக்கே செல்லும். கோரிக்கை நிறைவேறாவிடில் கார் இல்லாமலேயே தவணையைக் கட்ட வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய்ப் பாகத்துக்கு ரசீது கேட்டு வாங்கி, காரின் கோப்பில் வைப்பதும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுவதும் இதன் பொருட்டே. பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால், மாற்றியது மின்தடையையா, வேறெதையோவா என்பதும் தெரிந்துவிடும்.

பழைய கார் வாங்க எண்ணுவோர், சோதனை ஓட்டத்தின்போது விசிறிக் குமிழை 1-இலிருந்து 4 வரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். விற்பவர் ஏ.சி.யின் குளிர்ச்சியைக் காட்ட உச்சத்தில் வைத்தே காரைக் கொடுப்பது வழக்கம் என்பதால், கீழ் வேகங்களைப் பலர் சோதிப்பதே இல்லை. அவை ஓடவில்லையென்றால் அதற்காகக் காரை வேண்டாமென்று ஒதுக்க வேண்டியதில்லை. பயணியின் கால்மாட்டில் குனிந்து கனெக்டரின் நிறத்தையும், ஃபில்டரின் நிலையையும், தரைவிரிப்பில் ஈரம் உள்ளதா என்பதையும் பார்த்துவிட்டு விலை பேசலாம்.